ஓடும் காரில் நடுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல், தீபாவளி வந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே மாதிரி போன் வரும். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுவார்கள். "அண்ணா, 90 தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நிற்க மாட்டேங்குது. இப்படியே திருச்சி வரைக்கும் போகலாமா?" வருடம் முழுக்க ஓட்டிய வண்டிதான், அன்றைக்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று அவர்களுக்குக் குழப்பம். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

காரில் நடுக்கம் இருக்கிறது. முதலில் என்ன பார்க்க வேண்டும்?

எப்போது நடுங்குகிறது என்று பாருங்கள். எந்தப் பாகம் போயிருக்கும் என்ற யோசனை அப்புறம். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, வேகம் கூடினால் அதிகமாகிறதா குறைகிறதா, பிரேக் மிதித்தால்தான் வருகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டதும் நிற்கிறதா, வண்டி நிற்கும்போதும் இருக்கிறதா, கையில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா. இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதைப் பார்க்காமல் வண்டியைக் கொண்டுபோய் விட்டால், ஷாக் மாற்று, லோயர் ஆர்ம் மாற்று என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒருவர் வேறு இடத்தில் முன்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிவிட்டு, நடுக்கம் போகவில்லை என்று எங்களிடம் வந்தார். அவருக்கு பிரேக் மிதிக்கும்போது மட்டும்தான் நடுக்கம். கோளாறு பிரேக் டிஸ்கில். அந்த ஒரு கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் ஷாக்குக்குப் போட்ட பணம் அவரிடமே இருந்திருக்கும்.

ஸ்டீயரிங்கில் தெரிவதற்கும் சீட்டில் தெரிவதற்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டீயரிங் நேராக முன்சக்கரங்களோடு இணைந்திருக்கிறது. அதனால் முன்சக்கரக் கோளாறு கைக்கு வரும். பின்சக்கரத்தில் என்றால் சீட்டிலும் தரையிலும் தெரியும், கையில் அவ்வளவாகத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முதலில் சொன்னால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை. ஆனால் எந்தப் பக்கம் தேட ஆரம்பிப்பது என்று காட்டிவிடும்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. 80, 90 போனால் மட்டும் நடுங்குகிறது. ஏன்?

பெரும்பாலும் வீல் பேலன்சிங். சென்னைக்குள் கார்களுக்கு வேக வரம்பு 60. கிண்டியிலிருந்து தாம்பரம் வரைக்கும் நிஜத்தில் அந்த வேகம்கூட வராது. அதனால் பேலன்ஸ் போன சக்கரம் மாதக்கணக்கில் வெளியே தெரியாமலேயே ஓடும். செங்கல்பட்டு தாண்டி ரோடு திறந்ததும் தெரியவரும்.

காரணம் எளிது. டயரும் ரிம்மும் சேர்ந்த எடை சுற்றிலும் ஒரே சீராக இருக்காது. குறைகிற இடத்தில் சின்ன ஈய எடையோ இரும்பு எடையோ வைத்துச் சரிசெய்கிறோம். அது விழுந்துவிட்டாலோ டயர் தேய்ந்துவிட்டாலோ ஒரு பக்கம் கனமாகிவிடும். வெறும் 30 கிராம் வித்தியாசம் இருந்தால்கூட, 100 கி.மீ. வேகத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும். அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 14 முறை சுற்றுகிறது. வேகம் பாதியானால் இந்த விசை கால் பங்காகிவிடும். 50இல் ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

இன்னொரு விஷயம். பேலன்சிங் கோளாறில் நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டினால் கொஞ்சம் அடங்குவது உண்டு. அடங்கிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடுக்கம் உங்கள் கைக்கு வரவில்லையே தவிர, சக்கரம் சுழல உதவும் பேரிங்குக்கும் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டுக்கும் அந்த அடி போய்க்கொண்டேதான் இருக்கும்.

பேலன்சிங் போன வாரம்தான் செய்தேன். மறுபடியும் நடுங்குகிறதே?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் நான் முதலில் தேடுவது சேறு.

ஒரு நவம்பரில் வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை பேலன்சிங் செய்திருந்தார்கள். முன் வலது சக்கரத்தைக் கழற்றித் திருப்பினோம். ரிம்மின் உட்புறத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கையகலத்துக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் தினமும் போய்வந்து, வண்டியை நிறுத்தி வைக்கும்போது சேறு அடியில் வடிந்து ஒரே இடத்தில் படிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பாளம் பாளமாக வந்தது. முந்தைய இடங்களில் அந்தச் சேற்றோடேயே எடை வைத்திருக்கிறார்கள். அடுத்த மழையில் கொஞ்சம் சேறு கரைந்ததும் கணக்கு தப்பிவிட்டது. சுத்தமாகக் கழுவி, பழைய எடைகளை எல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து போட்டோம். சரியாகிவிட்டது.

சேறு இல்லை என்றால் ரிம்மைப் பாருங்கள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய இடங்களிலும், தண்ணீருக்கு அடியில் தெரியாத பள்ளத்திலும் ஒரே ஒரு முறை பலமாக இறங்கினால் போதும், ரிம் விளிம்பு மடங்கிவிடும். எடை வைத்தால் எடைதான் சரியாகும், வளைவு அப்படியே இருக்கும். மெஷின் "0" காட்டும், ரோட்டில் வண்டி ஆடும். அதனால் பேலன்சிங் செய்யும்போது பக்கத்தில் நின்று, சக்கரம் சுற்றுகையில் ரிம் விளிம்பையும் டயரையும் பாருங்கள். சீராகச் சுற்றாமல் மேலும் கீழும் ஏறி இறங்கினாலோ பக்கவாட்டில் அலைந்தாலோ உங்கள் கண்ணுக்கே தெரியும். இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீலில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மாற்றிவிடுங்கள்.

வெளியில் வாங்கிப் போட்ட அலாய் என்றால் இன்னொன்றும் உண்டு. நடுத் துளை வண்டியின் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) விடப் பெரிதாக இருக்கும். நட்டை வைத்து மட்டும் சக்கரம் நடுவில் உட்காராது, ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று வளையம் கிடைக்கிறது. அதைப் போட்டதும் பல மாத நடுக்கம் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். நடுக்கம் வராது. கடையில் இரண்டையும் சேர்த்துச் செய்வதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலைன்மென்ட் தவறாகவே பல மாதம் ஓடி டயர் கன்னாபின்னாவென்று தேய்ந்துவிட்டால், அந்தத் தேய்மானம் நடுக்கம் கொடுக்கும். அப்போதும் அலைன்மென்ட் மட்டும் செய்து பயனில்லை.

மெதுவாகப் போகும்போதே, 30, 40லேயே வண்டி ஆடுகிறது.

இதைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். பேலன்சிங் கோளாறு இந்த வேகத்தில் இவ்வளவு தெரியாது. டயருக்குள் நூல் அறுந்து பக்கவாட்டில் வீங்கியிருக்கலாம். அல்லது உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு ரப்பரிலிருந்து பிரிந்து, மேற்பரப்பு ஓரிடத்தில் புடைத்திருக்கலாம். வண்டி நடந்து போகிற மாதிரி இடமும் வலமும் அசையும்.

வண்டியை நிறுத்தி, நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், உள்பக்கச் சுவரையும் சேர்த்து. கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் வீக்கம் கைக்குத் தட்டுப்படும். வீக்கம் இருந்தால் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். ஸ்டெப்னி சின்ன அளவில் இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாமல் கடைக்குப் போங்கள். வீங்கிய டயருக்குப் பேட்ச் கிடையாது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. டயரின் மேற்பரப்பில் இருக்கும் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்திருப்பவர்கள் அதிகம். சென்னை வெயிலில் ரோட்டோரமே நிற்கும் வண்டியில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து, பள்ளத்துக்கு இடையே மெல்லிய வெடிப்பு விடும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும் அந்த டயரை நம்பி ஊருக்குப் போகாதீர்கள்.

நேற்றுதான் பஞ்சர் போட்டேன். இன்றைக்குத் தட்டுகிற மாதிரி சத்தமும் ஆட்டமும்.

உடனே ஓரம் கட்டுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். வீல் நட் தளர்ந்திருக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் நட்டின் மேல்தான். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் நின்ற ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு நட்டில் ஒன்று இல்லவே இல்லை, இரண்டைக் கையாலேயே சுற்ற முடிந்தது, துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. ஒரே ஒரு நட்டில் சக்கரம் நின்றிருக்கிறது. வண்டிக்குள் இரண்டு குழந்தைகள். அன்றிலிருந்து யார் சக்கரம் மாட்டினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள், வண்டி தரையில் இறங்கிய பிறகு ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள், 50, 100 கி.மீ. ஓடியதும் நீங்களே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். நட் இறுக்கும் ஏர் கன் வைத்து அளவுக்கு மேல் இறுக்குவதும் தப்புதான். போல்ட் நீண்டு வலுவிழக்கும், டிஸ்கும் ஒரு பக்கமாக இழுபடும்.

பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறுகிறது.

முன் டிஸ்க். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பல நேரம் வளைவதில்லை, தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு மாறினாலே காலுக்குத் தெரியும். பலமாக பிரேக் அடித்துச் சூடேறிய டிஸ்கை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பேடின் பூச்சு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஆரம்பிக்கும்.

டிஸ்கை லேத்தில் விட்டுச் சமன் செய்யலாம். ஆனால் டிஸ்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் புதிதுதான் போட வேண்டும். புது டிஸ்க் போடும்போது ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துரு மேல் டிஸ்கை உட்கார வைத்தால் கோணலாகச் சுற்றி, சில ஆயிரம் கி.மீ.யில் அதே உதறல் திரும்ப வரும்.

கையில் தெரியாமல் சீட்டில் மட்டும் தெரிந்தால் பின் பிரேக்கைப் பாருங்கள். மழையில் ஒரு வாரம் நின்ற வண்டியை எடுத்ததும் வரும் உரசலும் லேசான உதறலும் மேல்துரு. நாலைந்து பிரேக்கில் போய்விடும். ஈரத்தில் அவசரமாக மிதிக்கும்போது பெடல் படபடவென்று காலைத் தள்ளுவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வதால். அது கோளாறு இல்லை, காலை எடுத்துவிடாதீர்கள்.

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது நடுங்கி, விட்டதும் நின்றுவிடுகிறது.

சக்கரத்தில் பெரும்பாலும் இல்லை, சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் வழியில் இருக்கிறது. முன்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்தால், வேகம் எடுக்கும்போது வண்டி பக்கவாட்டில் உதறும். மேம்பாலம் ஏறும்போது நன்றாகத் தெரியும். வெளிப்பக்க ஜாயின்ட் போனால் வேறு மாதிரி: ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்கும். இரண்டுக்கும் ஆரம்பம் பல நேரம் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிவதுதான். கிரீஸ் வெளியே போய், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். பூட் கிழிந்ததுமே பார்த்து மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும்.

பின்சக்கர இழுவை வண்டி, அதாவது பழைய இன்னோவா, பொலேரோ மாதிரி என்றால் நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதன் கிராஸ் ஜாயின்ட்டையும் பாருங்கள்.

முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் குலுங்கினால் கிளட்ச். கிண்டி, வடபழனி நெரிசலில் பாதிக் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது.

சக்கரம் சுற்றவில்லை, ஆகவே எஞ்சின் பக்கம். மூன்று சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் நடுக்கம் பிறப்பிலேயே உண்டு, ஏ.சி. கம்ப்ரசர் சேரும்போது அதிகமாகத் தெரியும். முன்பு இல்லாமல் இப்போது வந்திருந்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருக்கும் அல்லது அமுங்கியிருக்கும். டி-யில் நின்றால் நடுங்கி, என்-னுக்கு மாற்றினால் அடங்குகிற ஆட்டோமேட்டிக்கில் மவுண்டிங் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

நடுக்கத்தோடு இழுவையும் குறைந்து, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இரண்டும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பானட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தும் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பாகம்.

எஞ்சினா, சக்கரமா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி நேரான, கூட்டம் இல்லாத இடத்தில், பகலில், பின்னால் யாரும் இல்லாதபோது செய்யுங்கள். நடுக்கம் வரும் வேகத்துக்குப் போய், ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். ஆர்.பி.எம். ஏறும், சக்கரம் சுற்றும் வேகம் மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் சக்கரப் பக்கம். மாறினாலோ போனாலோ எஞ்சின் பக்கம்.

மேனுவல் வண்டியில் கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி உருளவிட்டும் பார்க்கலாம். எந்த வண்டியிலும் ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங் கனமாகிவிடும், பிரேக்குக்கு உதவியும் போய்விடும்.

நடுக்கத்தோடு 'ஊ...' என்று ஒரு இரைச்சலும் கேட்கிறது.

வீல் பேரிங். வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். நீண்ட வளைவில் வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங், இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங் என்று தேடலாம். வளைவில் எடை எதிர்ப்பக்கம் சாய்வதுதான் காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற மாதிரி தண்ணீரில் வண்டி நின்றிருந்தால், சில வாரம் கழித்துப் பேரிங் கத்த ஆரம்பிக்கலாம். சீலைத் தாண்டித் தண்ணீர் போய் கிரீஸைக் கெடுத்திருக்கும்.

டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே இரைச்சல் வரும். ஜாக் போட்டு, ஸ்டாண்டும் வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிளே, அதாவது லொடலொடப்பு, இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் பிளே தெரிகிறதென்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் பாருங்கள்.

புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போடலாமா?

ரிம், கதவு, விளக்கு வாங்கலாம். ரிம்மை மெஷினில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், டிஸ்க், டயர் இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"வண்டி ஆடுது, பார்த்துக் கொடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "85இல் ஆரம்பிக்குது, 100இல் கொஞ்சம் குறையுது, ஸ்டீயரிங்கில்தான், பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, போன மாதம் பள்ளத்தில் இறங்கின பிறகுதான்" என்று சொல்லுங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து ஓட்டிக் காட்டுங்கள். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அளவு ஒன்றாக இருந்தால். நடுக்கம் கையிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது. காற்று, சுத்தம், பேலன்சிங் எல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற வேலைகள். அவற்றைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் சொன்னால், கழற்றிய பாகத்தில் என்ன தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவது மெக்கானிக்கின் கடமை.

இந்த நடுக்கத்தோடே ஊர் வரை போகலாமா?

90க்கு மேல் மட்டும் லேசாக வந்து, டயரில் வீக்கம் இல்லை, நட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்றால், நடுக்கம் ஆரம்பிக்கும் வேகத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டு இடது ஓரமாகப் போகலாம். செங்கல்பட்டிலோ திண்டிவனத்திலோ பேலன்சிங் மெஷின் உள்ள டயர் கடையில் அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

குறைந்த வேகத்திலேயே ஆட்டம், டயரில் புடைப்பு, சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு வந்த தட்டல், திடீரென்று வந்து நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிற நடுக்கம், சக்கரத்திலிருந்து கருகல் வாடை: இதில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, இண்டிகேட்டர் இரண்டையும் போட்டு, எல்லோரையும் இறக்கி ரோட்டை விட்டு விலகி, ஓரத் தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் பேசுங்கள். ஊரில் காத்திருப்பவர்களுக்குத் தாமதமாகும் என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.